முதல் வாய்

போன வாரம் பேச்சியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோமே என்று மனசு கேட்காமல் இருந்தவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடலாம். பேச்சி பிழைத்துவிட்டாள்.

வாய் வெந்து, தொண்டை வெந்து, வயிறு புண்ணாகிக் கிடக்கிறாள். துணியை நனைத்து உதட்டில் ஒற்றினால்கூடக் கண்ணில் நீர் முட்டுகிறது. ஆனால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளை அப்படிப் படுக்கவைத்தது மட்டாஞ்சேரி நல்லசிவ வைத்தியர் வீட்டு லேகியம். காய்ச்சலில் விழுந்து எழுந்தவளுக்குப் பசியே எடுக்கவில்லை என்று, பசி உண்டாக வாங்கிப்போனது. அதைக் கிண்டியவள் வைத்தியரின் மருமகள் சந்தனமாரி. பேச்சிக்கு அவள் அக்கா மாதிரி.

பேச்சியின் புருஷன் வீரபாண்டி பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையோடு மழையாக வந்து, மிச்ச லேகியத்தோடு அந்தப் பரணிச் சாடியை வைத்தியசாலைப் படியில் வைத்தான்.

"நாளைக்கு மத்தியானம் வருவேன். இதச் செஞ்சது யாருன்னு எனக்கு ஆள் பேரு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.  அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாருங்கள், சந்தனமாரியோடு நாமும் ஆஸ்பத்திரிக்குள் போவோம்.

*

கஞ்சித் தெளிவைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக வந்திருந்தாள் அவள். சேலையின் கீழ்ப்பாதி சேறு. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை, ஆஸ்பத்திரி இருக்கிற பள்ளுருத்திப் பக்கமெல்லாம் முழங்கால் அளவு நின்றதால் பஸ் பாதி வழியில் இறக்கிவிட்டது.

வீரபாண்டி அங்கே இல்லை. மருந்து வாங்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

பேச்சி கண்ணைத் திறந்தாள். பேச முடியவில்லை. உதடு இரண்டும் தடித்து, ஓரத்தில் தோல் உரிந்து தொங்கியது. சந்தனமாரியைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நீட்டிய கையில் இவள் தன் கையைக் கொடுத்தாள். பேச்சி அந்தக் கையை இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள், குழந்தை தலையணையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதுபோல.

லேகியம் கிண்டிய கை அது.

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். "சேச்சி, அந்த மருந்துக் கடைக்காரங்க ஒரு ஆளும் எட்டிப் பாக்கலியே. மனுஷங்களா அவங்க?"

 சந்தனமாரி கையை எடுக்காமல் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். முதுகு விண்விண் என்று வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தாள்.

அவளுக்குள் ஒரே கேள்விதான். பாகத்தில் தவறில்லை. தேன் விட்டது ஆறின பிறகு. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் அவளே புடைத்து, வறுத்து, இடித்தது. அவள் கண் பார்க்காமல் அந்த உருளிக்குள் விழுந்த சரக்கு ஒன்றே ஒன்று.

*

வைத்தியசாலைக்குப் பின்னால் ஓடு போட்ட நீள அறை ஒன்று உண்டு. அதற்கு மருந்துப்புரை என்று பேர். அதன் சாவி சந்தனமாரியின் இடுப்பில்தான் இருக்கும்.

அந்த அறையில் பரணிகளை நோயின் பேரில் அடுக்குவதில்லை. மருந்து செய்கிற வேலையின் பேரில்தான் அடுக்குவார்கள். மலத்தை இளக்குவதெல்லாம் ஒரு தட்டு, அது 'இளக்கி'. போகிற வயிற்றைப் பிடித்து நிறுத்துகிற துவர்ப்புச் சரக்கெல்லாம் 'கட்டி'. நெஞ்சுக் கோழையைக் கிளப்பி வெளியே தள்ளுவது 'அகற்றி'. நீர் பிரிய வைப்பது 'பெருக்கி'. எரிச்சலை அணைப்பது 'ஆற்றி'. செத்த பசியைத் தட்டி எழுப்புவது 'தூண்டி'.

செங்கொடிவேலி வேர் தூண்டித் தட்டில் இருப்பது. ஆனால் சும்மா இருக்காது. பச்சையாக உள்ளே போனால் வாயிலிருந்து குடல் வரை கொப்புளித்துவிடும். நறுக்கிச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறப்போட வேண்டும். போட்டதும் தண்ணீர் ரத்தமாகச் சிவக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மறுபடி சிவக்கும். சிவப்பு அற்றுத் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும்வரை விடக்கூடாது. அதற்குச் 'சுத்தி' என்று பேர். சுத்தி ஆன வேர்தான் தூண்டி. சுத்தி ஆகாத வேருக்கு அந்த அறையில் தட்டே கிடையாது.

இந்தத் தடவை சுத்தி நடந்தபோது சந்தனமாரி அந்த அறைக்குள் இல்லை. வீட்டுக்குத் தூரமாகி, பின்கட்டில் ஒதுங்கி இருந்தாள். அந்த நாட்களில் மருந்துப்புரைப் பக்கம் பெண்களின் நிழலே படக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மாமனார் நல்லசிவமும் ஊரில் இல்லை. தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதனால் அவள் புருஷன் செல்லதுரைதான் சுத்தி செய்தான். அவள் குளித்துவிட்டு வந்தபோது இடித்துச் சலித்த பொடியாகவே டின்னில் போட்டுக் கையில் கொடுத்தான்.

"சுத்தி ஆயிட்டா?" என்று கேட்டாள்.

"ஆயாச்சு, ஆயாச்சு. நீ அடுப்பப் பத்தவை" என்றான்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அந்த டின்னைத் தேடி எடுத்தாள். அடியில் கொஞ்சம் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புச் சட்டியில் மேலே தெளிந்து நின்ற நீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மொண்டாள். பொடியைச் சுரண்டிப் போட்டாள்.

போட்ட இடத்தில் ஒரு சிவப்பு இழை இறங்கியது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் முழுக்கச் செம்பருத்தியாய்ச் சிவந்துவிட்டது.

சந்தனமாரி கிண்ணத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை, ஒரு நிம்மதி. பாவம், மனுஷன் ஏமாந்துவிட்டார், தண்ணீர் தெளிந்ததாக நினைத்துவிட்டார், மழை இருட்டில் தெரிந்திருக்காது என்று நினைத்தாள். அவனுக்காகத் தானே சாக்குகளைத் தேடித் தேடி எடுத்தாள். நம் பெண்களுக்கு அதற்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

அப்புறம்தான் முதல் வாய் ஞாபகம் வந்தது.

*

அந்த வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்து எதுவானாலும், கிண்டியவர் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் பரணியில் அடைப்பார்கள். நெல்லிக்காய் அளவு. வைத்தியரானாலும் சரி, மருமகளானாலும் சரி.

லேகியம் இறக்கிய அன்று ஆடி வெள்ளி. சந்தனமாரி பச்சைத் தண்ணீர் படாத விரதம். முதல் வாய்க்கு என்ன செய்வது என்று கரண்டியோடு நின்றவளிடம் செல்லதுரை வந்தான்.

"நீ விரதத்த முறிக்க வேண்டாம். அந்த வாய் நான் சாப்பிடுதேன். ஒனக்குப் பதிலா நான் சாப்பிட்டா மருந்து கோவிச்சுக்கிடுமா?"

வாழையிலைத் துண்டில் வாங்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "இனிப்பு ஒரு பொடி கூடுதல்" என்று குற்றம்கூடச் சொன்னான்.

புருஷன் தன் விரதத்தை நினைவில் வைத்திருந்தான் என்ற அந்த ஒரு காரியம் போதும், அந்த வாரம் முழுக்க அவளுக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. அம்மி அரைக்கும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

*

செல்லதுரை வைத்தியசாலையின் முன்பக்கக் கடையில் உட்கார்ந்து தைலக் குப்பிகளுக்குத் தக்கை அடித்துக்கொண்டிருந்தான். மழையில் ஆள் வரத்து இல்லை.

"ஏங்க, வாயத் தெறங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா தெறங்க. பாக்கணும்."

"கல்யாணம் ஆகி இத்தன வருஷம் கழிச்சா பல்லப் புடிச்சுப் பாப்பா? மாட்டுச் சந்தையிலகூட முதல்லயே பாத்துருவாங்கடி" என்று சிரித்தான். சிரித்த வாய் நன்றாகவே இருந்தது.

"அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி கஞ்சிக்கு நெல்லிக்கா ஊறுகாய் கேட்டீங்க. வச்சேன். தொட்டுத் தொட்டு நக்கிக்கிட்டுக் குடிச்சீங்க. மத்தியானம் அந்த லேகியத்த ஒரு வாய் தின்ன நாக்கு ராத்திரி ஊறுகாய் தொட்டுச்சா?"

செல்லதுரையின் சிரிப்பு நின்றது. சுத்தியலைக் கீழே வைத்தான்.

"டின்னுல மிச்சம் இருந்த பொடிய சுண்ணாம்புத் தண்ணியில போட்டேன். செவந்துட்டு" என்றாள்.

"மெல்லப் பேசு."

"கடையில யாரும் இல்ல."

அவன் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தான். "மழதானே, மாரி. வேர் காயவே மாட்டேங்குது. அந்தத் தண்ணிய மாத்திக்கிட்டே இருந்தா சரக்கு என்னைக்கு எர்ணாகுளம் போறது? கர்க்கடகம் முடிஞ்சா லேகியத்த எவன் கேப்பான்? ரெண்டு தரம் மாத்தினேன். இது மதி, போதும்னு நெனச்சேன்."

"மதின்னு நெனச்சவரு ஏன் வாயில போடல?"

செல்லதுரை ஒரு குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பித் துடைத்தான்.

"இலைய எங்க போட்டீங்க?"

"கெணத்தடி வாழைக்குள்ள." குரல் இறங்கிவிட்டது. "போடலாம்னுதான் கொண்டு போனேன். வாய்க்குக் கிட்ட வந்ததும் பேடியாயிட்டு."

பயமாகிவிட்டதாம். தன் வாய்க்குப் பயந்தவன், ஊரார் வாய்க்கு அதையே பரணி பரணியாக அடைத்திருக்கிறான். அடைக்கும்போது அவளும் பக்கத்தில் இருந்து துணி கட்டிக் கொடுத்திருக்கிறாள். எத்தனை துணி, எத்தனை முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் அவன் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப நான் சொல்லுதத கேளு" என்று அருகில் வந்தான். "லைசென்ஸ் என் பேருல இருக்கு. என் பேரு வெளிய வந்தா நாளைக்கே இன்ஸ்பெக்டர் வந்து சீல் வச்சுருவான். வீரபாண்டிக்கு ஒன் மேல ஒரு மரியாத. பொம்பள, கை தவறிட்டுன்னா மனசு எரங்குவான். சுத்தி பாக்க மறந்துட்டேன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

"பொறவு நான் மருந்துப்புரைக்குள்ள போலாமா?"

"கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஊர் வாய் அடங்கட்டும்."

"எத்தன நாளைக்கு?"

அவன் தக்கைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். அந்த அறைக்குள் இனி ஒருநாளும் போக முடியாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விஷம் கிண்டிய மருமகள் என்று பேர் விழுந்துவிட்டால், அவள் காய்ச்சிய வெந்நீரைக்கூட இந்தத் தெருவில் யாரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

"எர்ணாகுளத்துக்குன்னு ஜெட்டியில போட்டுல ஏத்தின பெட்டி? அதையும் யாரோ தின்னுக்கிட்டுதான இருப்பாங்க?"

"அதெல்லாம் அப்பா பாத்துக்கிடுவாரு."

"மாமாவுக்கு இது தெரியுமா?"

"நீயே போயி கேளு."

*

நல்லசிவம் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தென்காசியிலிருந்து அவர் திரும்பியது செவ்வாய்க்கிழமை. வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை.

சந்தனமாரிக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனிப் பிரியம். "பொம்பளை கையில சாவியா?" என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசியபோது, "அவ மூக்குக்கு உள்ள நிதானம் என் மகனுக்குக் கெடையாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். அப்பா இல்லாத பெண்ணுக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியாததா?

கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் எதிரில் முக்காலியில் வைத்தாள்.

"மாமா, இது அவரு சுத்தி ஆயாச்சுன்னு கொடுத்த பொடி."

நல்லசிவம் கிண்ணத்தை எட்டிப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"செல்லதுர ஒங்கிட்ட சொன்னானா?"

"சொன்னாரு. நான் செஞ்சதா ஒத்துக்கிடணுமாம். நீங்க அவரக் கூப்புட்டு ஒரு வார்த்த கேளுங்க, மாமா."

நல்லசிவம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாரி," என்றார், "அவன் பேரு வெளிய வந்தா இந்த வைத்தியசால மூடிப்போகும். ஒன் பேரு வந்தா, மருமகள உள்ள விட்ட கெழவன் முட்டாள்னு என்னத்தான் ஏசுவாங்க. அத நான் தாங்கிக்கிடுதேன்."

"என்ன ஏசுறத யாரு தாங்குவா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ இந்த வீட்டுப் பிள்ள. வீட்டுக்காகத்தான் கேக்குதேன்."

எத்தனையோ தடவை அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஏங்கியிருக்கிறாள். சொன்னது இன்றைக்கு.

"சரி, என் பேரு போகட்டும். எர்ணாகுளம் பெட்டிக்கு ஒரு வழி சொல்லுங்க. அங்க யாராவது தின்னு விழுந்தா?"

"அதுல ஒண்ணும் ஆகாது."

"எப்படி மாமா ஆகாது?"

"ஆகாதுன்னு சொன்னேன்ல." குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அவரே எழுந்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் ஓரம் போனார். இறவாரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற ஓடையில் அதைச் சாய்த்தார். ஒரு கணம் ஓடை சிவந்தது. மழை அதைக் கடை வீதிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிண்ணத்தை மழை நீரில் அலம்பி, அவள் கையில் வெறுமனே கொடுத்தார்.

அழுகை வரும் என்றுதான் சந்தனமாரி எதிர்பார்த்தாள். வரவில்லை. புருஷன் பொய் சொன்னபோது நெஞ்சு வலித்தது. இந்த மனிதர் அலம்பிய கிண்ணத்தைக் கொடுத்தபோது வலிக்கக்கூட இல்லை. 

*

சாப்பாட்டு நேரம் கழிந்து வீரபாண்டி வந்தான். தலையில் சிவப்புத் தோர்த்துத் துண்டு, தோளில் மழை. கூட யூனியன் ஆட்கள் யாரும் இல்லை. அதைப் பார்த்துத்தான் செல்லதுரைக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

"வா வீரபாண்டி, கேறி உக்காரு. சாயா குடிக்கியா?"

"வேண்டாம் முதலாளி. பேரச் சொல்லுங்க, போறேன். அவ தனியாக் கெடக்கா."

செல்லதுரை தொண்டையைச் செருமினான். உள்கதவோரம் நின்ற சந்தனமாரியைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல. நம்ம மாரிதான். வேர் சுத்தியாச்சான்னு பாக்க மறந்துட்டா. பொம்பள, விரதம் வேற, தல சுத்தியிருக்கு. ஒனக்குப் பேச்சி எப்படியோ அப்படித்தான் எனக்கும் இவ. நீ மனசு வச்சு..."

வீரபாண்டி அவனைப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்களா?" என்றான்.

சந்தனமாரி வெளியே வந்தாள்.

"கிண்டினது நான். பொடிய வாங்கினவ தண்ணியில போட்டுப் பாத்துருக்கணும். பாக்கல. அது என் தப்பு. அத எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

"மாரி, மதி. உள்ள போ" என்றார் நல்லசிவம்.

"சுத்தி செஞ்சது நான் இல்ல" என்று அவள் தொடர்ந்தாள். "இவரு. பாதியில விட்டுட்டாரு. விட்டது அவருக்கே தெரியும். அதனாலதான் முதல் வாய் சாப்பிடாம வாழைக்குள்ள போட்டாரு."

"இவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து புத்தி..." என்று செல்லதுரை ஆரம்பித்தான். வீரபாண்டி கையைக் காட்டினதும் நிறுத்திக்கொண்டான். கூலிக்காரன் கை காட்டி முதலாளி நிறுத்தியதை அந்தப் படி அன்றைக்குத்தான் பார்த்தது.

"வீரபாண்டி, என்ன எது செய்யணும்னாலும் பொறவு செய்யுங்க" என்றாள் சந்தனமாரி. "இப்ப அவசரம் வேற. திங்கக்கிழமை எங்க பெட்டிய ஜெட்டிக்குத் தூக்கினது நீங்கதான? எர்ணாகுளத்துல எந்தக் கடையில எறக்கினாங்கன்னு தெரியுமா? அதே லேகியம்தான். இப்பவே ஒரு ஆள் போயி நிறுத்தணும்."

வீரபாண்டி விழித்தான்.

"அந்தப் பெட்டியா? அது திரும்பி வந்துட்டே, அக்கா."

"திரும்பியா?"

"நாந்தான போயி எடுத்தாந்தேன். கடை தெறக்குமுன்ன மொத போட்டுல போனேன். ஒரு பரணிகூட விக்கல. அப்படியே சொமந்துட்டு வந்து ஜெட்டிக்குப் பக்கத்துல பாண்டிகசாலையில அடுக்கிப் பூட்டிட்டுச் சாவியப் பெரியவருகிட்ட கொடுத்தேன். எலி விழுந்துட்டு, விக்கக்கூடாதுன்னு அவருதான சொன்னாரு."

"எப்ப?"

"புதன்கெழம காலையில."

சொல்லிவிட்டு அவனே நின்றான். உதடு மட்டும் அசைந்தது. உள்ளுக்குள் எதையோ வரிசையாக அடுக்கிப் பார்க்கிறவன்போல் இருந்தான்.

"புதன்கெழம" என்றான் மறுபடியும். "அன்னிக்கு ராத்திரியும் பேச்சி அதத் தின்னா. எரியுதுன்னா. மாரியக்கா கைமருந்து, எரிஞ்சாத்தான் பசிக்கும்னு நாந்தான் ஊட்டிவிட்டேன். வியாழக்கெழமதான் ரத்தமா எடுத்தா."



செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து வந்த கிழவர் மருந்துப்புரைக்குள் போனதும், புதுப் பரணியைத் திறந்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்ததும், வைத்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துகொண்டதும் சந்தனமாரிக்குக் கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எர்ணாகுளத்து முதலாளியின் கடையில் ஒருவர் நாக்கும் வேகாமல் காப்பாற்றிவிட்டார். அதற்குத் தூக்க ஒரு தோள் வேண்டியிருந்தது. வீரபாண்டியின் தோளைக் கூப்பிட்டிருக்கிறார்.

வீரபாண்டி வைத்தியரின் முன்னால் போய் நின்றான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது.

"அய்யா, பெட்டி தூக்கக் கூப்புட்டீங்களே. எங்க வீட்டுலயும் அதுல ஒரு பரணி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதாய்யா?"

நல்லசிவம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீரபாண்டி நம்பியிருப்பான். சந்தனமாரியும் நம்பத் தயாராகத்தான் நின்றாள். சொல்லிவிடுங்கள் மாமா என்று அவள் மனசு கெஞ்சியது.

அவர் சொல்லுமுன் செல்லதுரை முந்திக்கொண்டான்.

"நான் சொன்னேன்ப்பா. செவ்வாய்க்கிழமை ராத்திரியே சொன்னேன்ல? கடையில வச்சு ஒண்ணே ஒண்ணு வித்தேன், பேச்சி வாங்கிட்டுப் போனான்னு. நீங்கதான 'கூலிக்காரன் வீட்டுல போயி கேட்டா ஊரெல்லாம் வெளிச்சமாயிரும், சும்மா கெட'ன்னீங்க. என் மேல மட்டும் வைக்காதீங்க எல்லாத்தையும்."

நல்லசிவம் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சொல்ல இன்னும் பொழுது வேண்டும். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை அவர்.

"உக்காரு வீரபாண்டி" என்றார் கடைசியில். "பேசலாம்."

வீரபாண்டி தோர்த்தை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டு படி இறங்கினான்.

"நில்லுங்க, நானும் வாரேன்" என்று சந்தனமாரி பின்னால் இறங்கினாள். செருப்பைத் தேடவில்லை. குடையையும் எடுக்கவில்லை.

தெருவில் நின்று அவன் சொன்னான். "நீங்க வர வேண்டாம், அக்கா."

"பேச்சிக்கிட்ட நான் சொல்லணும்."

"என்னத்தச் சொல்லுவீங்க? நீங்களும் இந்த வீட்டுக்காரங்கதான?"

அந்த வீட்டார் அவளை வெளியே தள்ளி அரை நாள்கூட ஆகவில்லை. இவன் அவளை அந்த வீட்டோடு சேர்த்துவிட்டான். மேலே கடைவாசலில் செல்லதுரை, "மாரி, வெறுதே நனையாத, மேல வா" என்று கூப்பிட்டான், மழையில் துணி எடுக்க வந்தவளைக் கூப்பிடுவதுபோல.

சந்தனமாரி ஏறவில்லை. வீரபாண்டி நடந்தான். மசாலாக் கிடங்குகளைத் தாண்டிப் பள்ளுருத்தி பஸ் நிற்கிற முக்குவரை, அவனுக்கு நாலடி பின்னால் வெறுங்காலோடு அவளும் நடந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வராதே என்று மறுபடி சொல்லவும் இல்லை.